ஒரு குப்பி, இரண்டு நெஞ்சு

எங்கள் ஸ்கேன் அறையில் தினமும் முதல் நோயாளி ஒரு பாட்டில்.

சிரிக்க வேண்டாம். எம்.ஆர்.ஐ. இயந்திரம் என்பது ஒரு பெரிய காந்தக் குழாய். காலையில் அது ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க, ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் உப்புநீரை நிரப்பி, மனிதரைப் படுக்கவைக்கும் இடத்தில் அதைப் படுக்கவைத்துப் படம் எடுப்போம். திரையில் வட்டமாக, ஒரே சாம்பல் நிறத்தில், காய்ந்த தோசைக்கல் மாதிரி ஒன்று தெரிய வேண்டும். தெரிந்தால் கதவைத் திறந்து ஆட்களை விடலாம். அதற்கு ‘பாட்டில் அண்ணாச்சி’ என்று பெயர் வைத்தவர் எங்கள் ஆரோக்கியம் சிஸ்டர். “பாளையங்கோட்டையிலேயே சொன்ன பேச்சக் கேட்டு ஆடாம அசையாம படுத்துக்கிடக்குத ஒரே ஆம்பள இவியதான்” என்பார்.

நான் சந்தனமாரி. கல்யாணமான காலத்திலிருந்து இந்த இயந்திரத்தோடுதான் மல்லுக்கட்டுகிறேன். பேய், பிசாசு என்று யாராவது என் காதுபட ஆரம்பித்தால் வாயில் வந்ததைச் சொல்லிவிடுவேன். அப்படிப்பட்ட என் கண் முன்னால், ஐப்பசியில் ஒரு திங்கட்கிழமை, பாட்டில் அண்ணாச்சி அசைந்தார்.

இதயப் படத்துக்கென்று ரத்தத்தில் ஏற்றும் புதுச் சாயம் ஒன்று வந்தபிறகு பாட்டிலையும் ஓடும் படமாக எடுக்கச் சொல்லியிருந்தார்கள். எடுத்து ஓட்டிப் பார்த்தேன். சாம்பல் வட்டத்தின் நடுவில் ஏதோ சுருங்கியது, விரிந்தது. மறுபடி சுருங்கியது. தூங்குகிறவர்களின் மூடிய இமைக்குள் கண் உருளுமே, அப்படி.

“ஏய், காலங்காத்தால என்ன விளையாட்டு?” என்று இயந்திரத்தைத் திட்டினேன். இன்ஜினியரைப் போனில் கூப்பிட்டேன். “ஏ.சி. அதிர்வா இருக்கும் மேடம். இல்லன்னா பக்கத்து லிஃப்ட்” என்றார். வெளியே ஆட்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். சரி, லிஃப்டாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். உண்மையைச் சொன்னால், ஒரு பாட்டில் என்ன சொல்கிறது என்று நின்று கேட்கிற மனநிலையில் நான் அப்போது இல்லை. சாகப்போகிறார் என்று சொல்லப்பட்ட என் வீட்டுக்காரர் அந்த வாரம்தான் ஒரே மூச்சில் மாடி ஏறத் தொடங்கியிருந்தார்.

அவர் பெயர் தளவாய். அரசு பஸ் கண்டக்டர். திருநெல்வேலி - பாபநாசம் தடத்தில் அவரைத் தெரியாதவர்கள் கிடையாது. அன்பால் அல்ல, டிக்கெட்டால். எங்களுக்குக் கல்யாணமான புதிதில் என் அம்மா அவர் பஸ்ஸில் ஏறினாள். மருமகன் பஸ் என்று மிதப்பாக உட்கார்ந்திருந்தவளிடம், “அத்தை, சேரன்மாதேவிதானே? டிக்கெட்” என்று கையை நீட்டிவிட்டார். அம்மா சாகிறவரை அதைச் சொல்லிச் சொல்லித் திட்டினாள். “ஓசில ஏறுனா எனக்கு நெஞ்சு உறுத்தும்ட்டி” என்று என்னிடம் சமாதானம் சொன்னார்.

அந்த நெஞ்சுதான் புரட்டாசியில் அவரைக் கைவிட்டது. ஓடுகிற பஸ்ஸில் வலி வந்திருக்கிறது. நிறுத்தச் சொல்லி ஒரு விசில் கொடுத்துவிட்டு விழுந்தாராம்.

எங்கள் ஆஸ்பத்திரியில் இதயப் படங்களைப் பார்ப்பவர் டாக்டர் ஹமீதா. கோபப்படத் தெரியாதவர். அவர் பங்குக் கோபத்தையும் நான்தான் படுவேன்.

“பைபாஸ் பண்ணலாமான்னு தெரியணும்னா, சதையில எவ்வளவு உயிரோட இருக்கு, எவ்வளவு தழும்பாயிடுச்சுன்னு பாக்கணும், சந்தனம். ஆனா இதயம் போட்டோவுக்கு நிக்காதே. துடிச்சுக்கிட்டே இருக்கும். மூச்சைப் பிடிச்சாத்தான் படம் கலங்காம வரும்.”

“அவியளால ‘அம்மா’ன்னு முழுசாச் சொல்ல முடியல டாக்டர். எங்க மூச்சப் பிடிக்கது?”

“அதுக்குத்தான் புதுசு ஒண்ணு வந்திருக்கு. கண்ணுக்குத் தெரியாத இரும்புத் துகள். ரத்தத்துல ஏத்தினா இதயச் சதையில போய் உக்காந்துக்கும். அந்த ஆளோட துடிப்பைக் கத்துக்கும். அப்புறம் துடிப்போட சேர்ந்தே மினுங்கும். ஆடுறவனைப் படம் எடுக்கணும்னா நாமளும் கூட ஆடணும்ல, அந்த மாதிரி. மூச்சைப் பிடிக்க வேண்டாம்.”

நாங்கள் அதைத் தாளச் சாயம் என்று சொல்லத் தொடங்கினோம். சோதனைக்காகக் கம்பெனி ஒரே ஒரு குப்பி அனுப்பியிருந்தது. பெட்டி மேல் சிவப்பு எழுத்து: ஒரு குப்பி ஒருவருக்கு மட்டுமே.

இந்த வாசகத்தைப் பார்த்து நாங்கள் சிரித்துப் பல வருடமாகிறது. எல்லாச் சாயக் குப்பியிலும் அது இருக்கும். கம்பெனிக்காரன் இரண்டு குப்பி விற்கப் பார்க்கிறான் என்று அர்த்தம். பெரிய குப்பி வந்தால் ஆரோக்கியம் சிஸ்டர் சுத்தமான ஊசிகளில் இரண்டு பேருக்கு, மூன்று பேருக்குப் பிரித்துவிடுவார். தென்தமிழ்நாட்டில் பிரிக்காத ஸ்கேன் அறை எது என்று யாராவது காட்டினால் நான் என் பெயரை மாற்றிக்கொள்கிறேன். யாருக்கும் எதுவும் ஆனதில்லை.

அன்றைக்கு என் வீட்டுக்காரரோடு இன்னொருத்தியும் காத்திருந்தாள். முப்பிடாதி. இருபத்து இரண்டு வயது, ரெட்டியார்பட்டிக்காரி. போலீஸ் கான்ஸ்டபிளாகத் தேர்வாகி, பயிற்சி மைதானத்தில் வெயிலில் ஒருநாள் மயங்கி விழுந்திருக்கிறாள். இதயம் சரியாக இருக்கிறது என்று டாக்டர் கையெழுத்துப் போட்டால்தான் வேலை. “அக்கா, எனக்கு ஒண்ணும் இல்லக்கா. அன்னைக்குச் சாப்பிடாம ஓடிட்டேன். அவ்வளவுதான்” என்று என் பின்னாலேயே வந்து சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆரோக்கியம் சிஸ்டர் குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். “தாராளமா ரெண்டு பேருக்கு வரும். பாவம், அந்தப் பிள்ளையையும் எதுக்கு அலைய விடணும்?” டாக்டர் தலையாட்டினார். இரண்டு ஊசிகளில் எடுத்த பிறகும் அடியில் சில துளி நின்றது.

“கொட்டிருங்க சிஸ்டர்” என்றேன்.

“மருந்தக் கொட்டுனா பாவம்ட்டி. பாட்டில் அண்ணாச்சிக்கு ஒரு வாய் ஊத்துவோம். புதுச் சாயம் அவியளுக்கும் பிடிக்குதான்னு பாப்போம்.” மூடியைத் திறந்து ஊற்றிவிட்டார். நாங்கள் எல்லோரும் சிரித்தோம்.

படங்கள் அவ்வளவு அழகாக வந்தன. முப்பிடாதியின் இதயம் பிசைந்து வைத்த மாவு போல ஒரு குறையும் இல்லாமல் சுருங்கி விரிந்தது. என் வீட்டுக்காரருடையது பாதிக்கு மேல் வெள்ளை. வெள்ளை என்றால் தழும்பு, செத்த சதை. இத்தனை வருடம் எத்தனையோ பேருடைய வெள்ளையைப் பார்த்திருக்கிறேன். அன்று திரையைப் பார்க்கமுடியாமல் மேஜையைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். இன்னொன்றும் கண்ணில் பட்டது. அவர் துடிப்பில் இரண்டு அடி ஒட்டி ஒட்டி வந்து, கொஞ்சம் நின்று, பிறகு வழக்கம்போல் ஓடியது.

“ரெண்டு விசில்ட்டி” என்றார் அவர், நான் சொன்னதும். ஒரு விசில் என்றால் பஸ் நிற்கும், இரண்டு என்றால் கிளம்பும். “ரைட் குடுக்குது. இன்னும் வண்டி ஓடும்.”

டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “ஆபரேஷன் பண்ணிப் பிரயோஜனம் இல்ல, சந்தனம். தீபாவளி பாத்துடுவாரு. பொங்கல்... சொல்ல முடியாது.”

அந்த மனிதர்தான் தீபாவளிக்கு முன்னாலேயே சமாதானபுரம்வரை நடந்து போய்ப் பால் வாங்கி வந்தார். மாடி ஏறினார். இரண்டாம் தடவை சோறு கேட்டார். மறுபடி படம் எடுத்தோம். அந்த வெள்ளைச் சதை அசைந்தது. செத்தது எப்படி அசையும் என்று டாக்டர் கேட்கவே இல்லை, நானும் கேட்கவில்லை. இசக்கியம்மன் கோயிலில் பொங்கலிட்டேன். சாமி பெயரைச் சொன்னாலே கேலி பேசுகிற நான்!

ஒன்றை மட்டும் அவர் அடிக்கடி சொன்னார். “காலைல முழிப்பு வாரதுக்கு முன்னாடி நெஞ்சுக்குள்ள யாரோ ஓடுதாவட்டி. நான் கட்டில்ல கிடக்கேன், நெஞ்சு மட்டும் எங்கயோ மைதானத்தச் சுத்தி ஓடுது. நல்லா இருக்கு. சின்ன வயசு ஓட்டம்.”

“கனவா இருக்கும். எந்திரிச்சுப் பல்ல வெளக்குங்க” என்றேன்.

கார்த்திகையில் முப்பிடாதி திரும்பி வந்தாள். எனக்கு அடையாளம் தெரியவில்லை. கன்னம் ஒட்டி, கண்ணுக்குக் கீழே கறுத்து, கிழவியின் நடையோடு வந்தாள். ஓட்டத்தில் கடைசியாக வருகிறாளாம். அடுத்த தேர்வில் தவறினால் வேலை போய்விடுமாம்.

“ஓடும்போது மட்டும் இல்லக்கா. சும்மா உக்காந்திருக்கும்போதே யாரோ என் முதுகுல ஏறி உக்காந்து மாடிப்படி ஏறச் சொல்லுத மாதிரி இருக்கு.”

அவளை உள்ளே படுக்கவைத்து, மார்பில் ஈ.சி.ஜி. ஒட்டி, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தேன். டாக்டர் பக்கத்தில் இருந்தார். கோடு அமைதியாக ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று கிடுகிடுவென வேகம் பிடித்தது. பிறகு இரண்டு அடி ஒட்டி ஒட்டி. சின்ன நிறுத்தம். மறுபடி ஓட்டம்.

அந்த இரண்டு விசிலை நான் எங்கே கேட்டாலும் தெரிந்துகொள்வேன். வீட்டுக்குப் போன் போட்டேன்.

“எங்க இருக்கிய?”

“மாடில. வத்தல் காயப்போட வந்தேன். ஒரே மூச்சுல ஏறிட்டேன்லா!”

“கீழ இறங்கி செத்த நேரம் உக்காருங்க. போன வைக்காதீய.”

முப்பிடாதியின் கோடு மெதுவாக இறங்கி அமைதியானது. டாக்டர் என் முகத்தையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இப்ப மறுபடி ஏறுங்க.”

“ஏட்டி, கோட்டி பிடிச்சிருக்கா ஒனக்கு?”

“ஏறுங்கன்னு சொல்லுதேன்லா!”

போனில் அவர் செருப்புச் சத்தம் ஒவ்வொரு படியாகக் கேட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், கை கால் அசைக்காமல் படுத்துக்கிடந்த பெண்ணின் இதயம் அவரோடு சேர்ந்து படி ஏறியது. “அக்கா” என்று மைக்கில் அவள் குரல் திணறியது, “மறுபடியும் ஏறுதாவக்கா.” அவள் யாரைச் சொல்கிறாள் என்று அவளுக்கே தெரியாது. டாக்டர் ஹமீதா என் கையிலிருந்து போனை வாங்கி, “தளவாய் அண்ணே, போதும், உக்காருங்க” என்றார். அவர் குரல் நடுங்கி நான் கேட்டது அன்றுதான்.

மறுநாள் கம்பெனி விஞ்ஞானி ஒருவர் வீடியோவில் வந்தார். வரதன் என்று பெயர். நாங்கள் குப்பியைப் பிரித்ததைச் சொன்னதும் முகம் வெளுத்துவிட்டது.

“ஒரு குப்பியில இருக்கிற துகள் எல்லாம் ஒண்ணாப் பிறந்ததுங்க. ஒண்ணாத்தான் அடிக்கும். ஒரே உடம்புல இருந்தா நல்லது. ரெண்டு உடம்புல இருந்தா, ரெண்டு இதயத்தையும் ஒண்ணுன்னு நினைச்சுக்கும். பலமான பக்கம் பலவீனமான பக்கத்தோட பாரத்தையும் சேத்து இழுக்கும்.”

“அவிய சமாதானபுரத்துல இருக்காவ. இவ ரெட்டியார்பட்டி. கயிறா கட்டியிருக்கு?”

“தூரம் ஏன் தடையா இல்லைன்னு எங்களுக்கே தெரியலைங்க. அதனாலதான் பெட்டி மேல சிவப்புல போட்டோம்.”

“ஏன்னு ஒரு வரி சேத்துப் போட்டிருக்கலாம்லா?”

“ஏன்னு தெரியாததை எப்படிப் போடறது?”

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவர் திரையில் இருந்ததால் பிழைத்தார். டாக்டர்தான் நிதானமாகக் கேட்டார், பிரிக்க வழி என்ன என்று. வழி இருந்தது. எங்கள் இயந்திரத்திலேயே ஒருவிதமான அலையை அனுப்பினால் துகள்கள் கற்ற தாளத்தை மறந்துவிடும். பிறகு வெறும் துரு.

“ஆனா சுமக்கிறவங்க மேல அதைப் பண்ணக்கூடாது. சுமையோட அறுத்தா அவங்க இதயம் அங்கேயே நின்னுடலாம். சாஞ்சிருக்கிறவர்தான் முதல்ல இறங்கணும்.”

“இறங்குனா அவியளுக்கு?”

“அவர் இதயம் அவருக்கு. முன்னாடி இருந்த மாதிரி.”

“இறங்கலன்னா?”

வரதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அந்தப் பொண்ணு கோடை தாண்டறது கஷ்டம்.”

டாக்டர் என் தோளில் கை வைத்தார். “முப்பிடாதிக்கு வெள்ளிக்கிழமை நான் சொல்றேன். அதுக்கு முன்னாடி நீங்க தளவாய் அண்ணன்கிட்ட சொல்லணும், சந்தனம். அவரே வந்து படுத்தாத்தான் உண்டு. அவரை யாரும் கட்டாயப்படுத்த முடியாது.”

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் ஒன்றே ஒன்றைத்தான் நினைத்தேன்: சொல்லமாட்டேன். யார் பெற்ற பிள்ளையோ. எனக்கு என் புருஷன் வேண்டும். பாளையங்கோட்டை மார்க்கெட்டில் நின்று தேங்காய் பேரம் பேசும்போதே நெஞ்சுக்குள் ஒரு உயிருக்கும் இன்னொரு உயிருக்கும் பேரம் நடந்துகொண்டிருந்தது. அவருக்குப் பிடித்த தேங்காய்ப்பால் சொதி வைத்தேன், இஞ்சிப் பச்சடி வைத்தேன். இலை போட்டுப் பரிமாறினேன்.

அவர் சோற்றில் கை வைக்காமல் என்னைப் பார்த்தார். “விசேசம் ஒண்ணும் இல்லாம கல்யாணச் சாப்பாடு எதுக்கு? ஒன் மொகத்துக்கு ஸ்கேன் எடுக்க வேண்டாம்ட்டி, சும்மாவே தெரியுது. நேத்து எதுக்கு என்னய மாடி ஏறி இறங்கச் சொன்ன?”

அழக்கூடாது என்று பல்லைக் கடித்தேன். முடியவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அவர் மெதுவாகச் சோற்றைப் பிசைந்தார். “அப்ப காலைல ஓடுதது அந்தப் பிள்ளதானா?” என்றார். “நல்ல ஓட்டக்காரி. வளைவுல மூச்ச விடாம திரும்புதா. இப்பக் கொஞ்ச நாளா வளைவுல திணறுதா. எனக்குத் தெரியும், ஏன்னுதான் தெரியல.”

“நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம். பெரிய டாக்டர்மாருட்டப் பேசுவோம். வேற வழி இருக்கும்.”

“ஏட்டி, ஒங்க அம்மாகிட்டயே டிக்கெட் கேட்டவன் நான். ஓசில ஏறி உக்காந்திருக்கேன்னு தெரிஞ்சப்புறம் எப்படி உக்காந்திருக்கது? அடுத்த ஸ்டாப்புல இறங்கிக்கிடுதேன்.”

“அப்ப நான்?” என்று கத்தினேன். “என்னய நினைச்சியளா? நான் எந்த ஸ்டாப்புல நிக்கது?”

எச்சில் கையோடு, இடது கையால் என் தலையைத் தடவினார். சொதி ஆறிப்போனது.

வியாழக்கிழமை அவரே சட்டை மாற்றிக்கொண்டு வந்து படுத்தார். வேறு யாராவது பொத்தானை அழுத்தட்டும் என்றார் டாக்டர். முடியாது என்றேன். என் இயந்திரம், என் புருஷன். இன்னொருத்தி கை வைக்க விடுவேனா? மைக்கைத் தட்டினேன்.

“பயமா இருக்கா?”

“இல்ல. உள்ள குளுருது. ரைட் சொல்லுட்டி.”

பொத்தானை அழுத்தினேன். இயந்திரம் தட்தட்டென்று அடித்து ஓய்ந்தது. வெளியே வந்தவர் கதவுக்கும் நாற்காலிக்கும் நடுவில் இரண்டு தடவை நின்றார். அடுத்த வாரம், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, தினத்தந்தியை முகத்தில் போட்டபடி படுத்தவர் எழுந்திருக்கவில்லை. அவரை எடுத்துக்கொண்டு போகும்போது பணிமனையிலிருந்து வந்தவர்கள் ஒரு விசில் ஊதினார்கள். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து வேலைக்குத் திரும்பினேன். முதல் நோயாளியைப் படுக்கவைத்தேன். படத்தை ஓட்டினேன்.

சாம்பல் வட்டத்தின் நடுவில் அது துடித்தது. இப்போது லிஃப்ட் என்று சொல்ல எந்த இன்ஜினியராலும் முடியாது. சுருங்கி, விரிந்து, சுருங்கி, விரிந்து. பிறகு இரண்டு அடி ஒட்டி ஒட்டி. சின்ன நிறுத்தம்.

ரெண்டு விசில்.

நான் அலறவில்லை. அறைக்குள் போனேன். பாட்டிலைக் கையில் எடுத்தேன். வெறும் பிளாஸ்டிக், வெறும் குளிர். காதில் வைத்துப் பார்த்தேன், ஒரு சத்தமும் இல்லை. மறுபடி படுக்கவைத்துக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்தால், திரையில் துடிக்கிறார். அன்று முழுவதும் ஆட்களை அனுப்பும் இடைவெளியில் மூன்று நான்கு தடவை பாட்டிலைப் படுக்கவைத்துப் பார்த்தேன். என்னங்க, என்று மைக்கில் ஒரு தடவை கூப்பிட்டும் பார்த்தேன். யாரிடமும் சொல்லவில்லை. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம், அப்படி ஒரு பயம். இரண்டும் ஒன்றாக வரும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

என் வீட்டுக் காரியத்தால் தள்ளிப்போயிருந்த அலையைத் தானும் வாங்கிக்கொள்ள, அதே வாரம் முப்பிடாதி வந்தாள். கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார்கள்.

“கொஞ்ச நாள் நல்லா இருந்துச்சுக்கா” என்றாள். “அப்புறம் மறுபடியும். முன்ன விட மோசம். முன்னயாவது உங்க வீட்டு அண்ணாச்சி தூங்கும்போது எனக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும். இப்ப தூங்கவே மாட்டேங்காவ.”

டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. “இறங்க வேண்டியவர் இறங்கியாச்சே. இன்னும் யாரு சாஞ்சிருக்கா?”

எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்தும் வாயைத் திறக்கவில்லை. அந்த ஒரு நிமிடம் நான் எப்படிப்பட்டவளாக இருந்தேன் என்று எனக்குத் தெரியும். சதையே இல்லாத ஒன்று, தண்ணீரும் உப்பும் மட்டும் இருக்கிற ஒன்று, துடிக்க வேண்டுமென்றால் முழுத் துடிப்பையும் இன்னொரு நெஞ்சிலிருந்துதான் எடுக்க வேண்டும். அவர் தாளத்தைக் கற்று வைத்துக்கொண்டு, இந்தப் பிள்ளையைக் குடித்துக்கொண்டிருந்தது.

பஞ்சை வைத்துக்கொண்டு பின்னால் நின்ற ஆரோக்கியம் சிஸ்டர்தான் சொன்னார். “ஏட்டி, பாட்டில் அண்ணாச்சிக்கும் அன்னைக்கு ஊத்துனோம்லா?” சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்.

எல்லோரும் பாட்டில் இருந்த அலமாரியைப் பார்த்தார்கள். முப்பிடாதி என்னைப் பார்த்தாள். அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் திட்டியிருப்பேன். கேட்காமல் மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், சாய்ந்திருப்பவர் என் புருஷன் என்பதால் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறவள் மாதிரி. என் வீட்டுக்காரர் சோற்றைப் பிசைந்துகொண்டு ‘நல்ல ஓட்டக்காரி’ என்று சொன்னது காதில் விழுந்தது.

“படுக்க வைங்க அவள” என்றேன். “ஈ.சி.ஜி. போடுங்க. நான் கொட்டிட்டு வாரேன்.”

“கையுறை போட்டுக்கோங்க சந்தனம்” என்றார் டாக்டர்.

பாட்டிலை எடுத்துக்கொண்டு பக்கத்து அறைத் தொட்டிக்குப் போனேன். கதவைச் சாத்தினேன். கையுறையை மாட்டினேன். பதினாறாம் நாள் சமையலில் வாழைக்காய் நறுக்கும்போது அரிவாள்மணை என் ஆள்காட்டி விரலைக் கிழித்திருந்தது. காயம் இன்னும் ஆறியிருக்கவில்லை.

மூடியைத் திறந்தேன். மருந்தைக் கொட்டினால் பாவம் என்று சிஸ்டர் சொல்வது ஞாபகம் வந்தது. கையுறையைக் கழற்றினேன். ஏன் என்று யாரும் என்னிடம் கேட்க வேண்டாம். விரலைப் பாட்டிலுக்குள் விட்டேன். உப்புநீர் சுரீரென்று ஏறியது. பிறகு விரலை எடுத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, மிச்சம் முழுவதையும் கடைசிச் சொட்டுவரை தொட்டியில் கவிழ்த்தேன். குழாயைத் திறந்துவிட்டேன்.

உள்ளேயிருந்து முப்பிடாதியின் குரல் மைக்கில் கேட்டது. “அக்கா! இறங்கிட்டாவக்கா!” பிறகு அவள் ஓவென்று அழுதாள். யாரும் சாயாத நெஞ்சை அந்த அலை எதுவும் செய்யாது என்று வரதன் சொல்லியிருந்தார். அந்த மதியமே அவள் துகள்களின் தாளத்தையும் அழித்தோம். நானேதான் பொத்தானை அழுத்தினேன். மாசியில் அவள் தேர்வு ஓட்டம் நடந்தது. இரண்டாவதாக வந்தாளாம். லாலா கடை அல்வா வாங்கி வந்து கொடுத்துவிட்டு, என் காலைத் தொடப் போனாள். ஒரு அதட்டுப் போட்டு நிமிர்த்தினேன்.

புதுப் பாட்டில் வந்துவிட்டது. தோசைக்கல் மாதிரி சுத்தமாகத் தெரிகிறது. அதற்கு யாரும் பெயர் வைக்கவில்லை.

பங்குனியில் ஊழியர்களுக்கெல்லாம் உடம்புப் பரிசோதனை. டாக்டர் ஹமீதா என் மணிக்கட்டைப் பிடித்து, கடிகாரத்தைப் பார்த்து எண்ணிக்கொண்டிருந்தார். பாதியில், இரண்டு அடி ஒட்டி ஒட்டி வந்த இடத்தில், எண்ணிக்கை நின்றுவிட்டது. விரலை அழுத்தி மறுபடி பார்த்தார். என் ஆள்காட்டி விரலில் இருந்த பழைய தழும்பைப் பார்த்தார். நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார்.

“சந்தனம்... இது... உள்ள போய்ப் படுத்துக்கோங்க. பொத்தானை நான் அழுத்தறேன்.”

“வேண்டாம் டாக்டர்” என்று கையை மெதுவாக இழுத்துக்கொண்டேன். “இந்தத் தடவ டிக்கெட் எடுத்துட்டுத்தான் ஏறியிருக்காவ.”